ஒன்பதாம் விதி

இப்போதெல்லாம் ஒரு குளத்தில் நாலு கொக்கு இறங்கினால் போதும், சரணாலயம் என்று போர்டு நட்டுவிடுகிறார்கள். போர்டுக்கு வர்ணம் அடிக்க ஒரு கமிட்டி, அந்தக் கமிட்டியைக் கண்காணிக்க இன்னொரு கமிட்டி. கல்வி இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள், இதைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மகாராஜா ஆட்சியில், தக்கலைக்கு வடக்கே எங்கள் ஊர்க் குளத்துக்கு இருந்த காவல் ஒரு நோட்டும், ஒரு விசிலும், முறை வைத்து நிற்கப் பதினோரு பிள்ளைகளும்தான்.

பறவைகள் மேல் ஊருக்கு இருந்த பிரியத்தில் கொஞ்சம் வயலும் கலந்திருந்தது. கூடுகளிலிருந்து எச்சம் விழுந்து ஊறிய தண்ணீர் பாய்ந்தால் நெல் கரும்பச்சையாக நிற்கும். ஆகவே கூடு கட்டும் மாதங்களில் கல்யாண ஊர்வலம் குளத்தங்கரை வந்ததும் மேளத்தை நிறுத்திவிடும். எங்கள் தேவாலயத்தில் மணியின் நாக்குக்குத் துணி சுற்றித்தான் அடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் விசில் மட்டும் எப்படி அனுமதிக்கப்பட்டது என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

காவல் சங்கத்துக்குத் தலைவர் அப்பா. மிஷன் பள்ளி வாத்தியார் என்பதால் விதிகளை எழுதியதும் அவரேதான். மொத்தம் ஒன்பது விதி. யாராவது பறவையைப் பிடித்தால் விசில் ஊத வேண்டும். நேரம், பெயர், நடந்தது மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அது எல்லோர் முன்னும் வாசிக்கப்படும். ஒன்பதாவது விதி, காவல் நிற்பவர் தம் வீட்டார் என்று விட்டுவிடக் கூடாது. நான் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் விதி என்றே அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தம்பிக்கு இழுப்பு வந்தது. மூன்று வயதுப் பிள்ளை. மூச்சு விடும்போது விலா எலும்பின் இடையில் தோல் குழிந்து உள்ளே போகும். தக்கலை டாக்டரின் மருந்து இரண்டு குப்பி தீர்ந்தும் குறையவில்லை. உள்ளூர் வைத்தியர் வந்து நாடி பார்த்து, கொக்கு இறைச்சியில் சாறு வைத்து மூன்று நாள் கொடுத்தால் இழுப்பு நிற்கும் என்று சொல்லிப் போனார்.

"கொளத்துல ஆயிரம் கொக்கு கெடக்கு. எம்பிள்ளைக்கு ஒண்ணு கெடையாதா?" என்றாள் அம்மா.

"விதி எழுதினவன் நானாக்கும்" என்றார் அப்பா.

"அப்போ பிள்ளைய பெத்தது ஆராக்கும்?"



சனிக்கிழமை விடிகாலைக் காவல் என்னுடையது. அம்மா வழக்கம்போல எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, கையில் சங்கத்தின் சிவப்புத் துணியைக் கட்டி அனுப்பினாள். நன்றாக விடிந்த பிறகு, தெற்கு மூலையில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். தாழ்ந்த கிளையில் அடைகாத்த கொக்கின் மேல் துண்டைப் போட்டு அமுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். அப்பா.

அவரும் என்னைப் பார்த்தார். அப்படியே நின்றார். வாயில் விரலை வைக்கவில்லை, தலையை ஆட்டவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் விசிலை எடுத்து ஊதினேன்.

மரங்களிலிருந்த அத்தனை பறவையும் ஒரே சத்தமாக எழும்பின. அப்பா துண்டை விரித்தார். கொக்கு அவர் தோளில் ஒரு தரம் உதைத்துவிட்டுப் பறந்தது. அவர் கரையேறி, துண்டைப் பிழிந்து, என் பக்கத்தில் வந்து, "நேரம் எழுதினியா மக்கா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். தலையில் கை வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அம்மாவிடம் கொக்கு கிடைக்கவில்லை என்று சொன்னது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆராதனை முடிந்து குளத்தங்கரை மருதமரத்தடியில் கூட்டம். பெண்கள் பக்கத்தில் அம்மா, மடியில் தம்பியோடு. சங்கச் செயலாளர் தலைப்பாகை கட்டிய அய்யாவழிச் சமயத்துக்காரர், பெரிய வயல்காரர். நோட்டை வாசித்துக்கொண்டே வந்தவர் சனிக்கிழமைப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"சாரே, இதுல உம்ம பேருல்லா கெடக்கு?"

"சரியாத்தான் கெடக்கு. வாசியும்."

வாசித்தார். பெயர், நேரம், கொக்கு பிடித்தது, விட்டது. அம்மா தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"விசில் கேட்டுத்தானே விட்டீரு?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்ல. அதுக்கு முன்னயே விட்டுட்டேன். எனக்கே மனசு வரல்ல. பிள்ளை பொறவுதான் ஊதினா."

அப்பா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நோட்டில் பிழை ஏறிவிடக் கூடாதே என்று பதறி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்:

"அப்பா மறந்துட்டாவ. நான் ஊதின பொறவுதான் விட்டாவ."

"அப்பனையே விடல்ல பாத்தியா. கெட்டிக்காரிதான்!" என்று ஒருவர் சிரித்தார். இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தம் கையில் கட்டியிருந்த சங்கத்தின் சிவப்புத் துணியை அவிழ்த்து, மடித்து, நோட்டின் மேல் வைத்தார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை மாமா வேறெங்கோ ஒரு குளத்திலிருந்து கொக்கு கொண்டுவந்தார். அம்மா சாறு வைத்தாள். தம்பியின் தொண்டை அதற்குள் எதையும் இறக்கும் நிலையில் இல்லை. வெள்ளிக்கிழமை அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோதும் மணியின் நாக்கில் துணி சுற்றியே அடித்தார்கள்.

கொக்குச் சாறு எந்த இழுப்பையும் நிறுத்தாது என்று பிற்பாடு இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியே கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது ஒருவரிடமும் கேட்டேன். அம்மா யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவள் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டது அப்பாதான். அவருக்குப் பின்ன வராது. இறுக்கிப் பிடித்தால் எனக்கு வலிக்குமே என்று தளர்த்திப் பின்னுவார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மணி அடிப்பதற்குள் அவிழ்ந்துவிடும். "ஏட்டி, ஒனக்கு ஆரு பின்னிவிட்டா, கொக்கா?" என்று பள்ளியில் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பாவுக்குப் பின்னல் கற்றுக்கொள்ள ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் தினமும் பொறுமையாக அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.