மறவேன்

போன செவ்வாய்க்கிழமை சி லான் போன் செய்தார். உனக்குத் தமிழ் எழுத்து படிக்க வரும்தானே என்று கேட்டார். வரும் என்றேன். அப்படியானால் உடனே நூலகத்துக்கு வா என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே காபிக்கடை வைத்திருப்பவர் சி லான். ‘சி’ என்றால் இங்கே வியட்நாமில் அக்கா. சைகோன் துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில் பிறந்தவர். அம்மா வியட்நாம்காரர், அப்பா காரைக்காலிலிருந்து வந்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். போரில் வடக்குப் படையிடம் சைகோன் விழுந்த மறுவருடம் அப்பா மட்டும் ஊர் திரும்பினார். அப்போது அக்காவுக்கு மூன்று வயது. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் — ‘வாப்பா’.

ஊர் போன வாப்பா ஒரே ஒரு கடிதம் போட்டார். தமிழில்! வியட்நாமிய மொழி அவருக்குப் பேசத்தான் வரும். கடைக்கூட்டாளி படித்துச் சொல்வார் என்று நம்பியிருக்கிறார். கடிதம் வந்து சேர்வதற்குள் கூட்டாளியும் கிளம்பிவிட்டார். அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் காலமான பிறகுதான் மகள் கைக்கு வந்தது.

எங்கள் வட்டார நூலகத்தில் இப்போது ஒரு புது வசதி. பழைய காகிதத்தை ஸ்கேனரில் வைத்தால் போதும். கையெழுத்தைப் படித்து, வியட்நாமியத்தில் மொழிபெயர்த்தும் தந்துவிடும். அக்கா ஆசையாகக் கொண்டுபோயிருக்கிறார். வந்த பிரிண்ட்-அவுட்டில் கடைசி வரிக்கு அர்த்தம் இப்படி:

‘உன்னையும் பிள்ளையையும் மறந்துவிடுவேன்.’

அதன்பிறகு இரண்டு வாரம் அவர் கடையைத் திறந்தார், மூடினார். தினமும் அவர் கையால் காபி குடித்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நூலகர் ஹோங்தான் மனசு கேட்காமல், மெஷின் தப்பாகவும் படிக்கும், தமிழர் யாரிடமாவது காட்டுங்கள் என்றிருக்கிறார்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நீல மை, சாய்ந்த எழுத்து. ஆனால் கடைசி வரி தெளிவாகவே இருந்தது. ‘உன்னையும் பிள்ளையையும் மறவேன்.’

மறப்பேன் என்றால் மறந்துவிடுவேன். மறவேன் என்றால் மறக்கவே மாட்டேன். ‘வேன்’ என்று முடிந்ததும் மெஷின் எதிர்காலம் என்று நினைத்துவிட்டது போல... நம் பிள்ளைகளே தடுமாறும் இடமாயிற்றே!

எடுத்துச் சொன்னேன். அக்கா அந்த வரியைத் தமிழிலேயே வாசிக்கச் சொன்னார். மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை கூடவே உதட்டை அசைத்தார்.

பிறகு கேட்டார். “மறக்காதவர் ஏன் இன்னொரு கடிதம் போடவில்லை?”

கடிதத்தில் விலாசம்கூட இல்லை. வேலை கிடைத்ததும் எழுதுகிறேன் என்று மட்டும் இருந்தது. வேலை கிடைக்கவில்லையா? ஆளே இல்லாமல் போனாரா? எனக்கென்ன தெரியும்? தெரியாது அக்கா என்றேன்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “சரி. இத்தனை நாள் அவர்மேல் கோபப்படலாமா என்றே தெரியாமல் இருந்தேன். இனி சொந்த அப்பாமேல் படுவதுபோலக் கோபப்பட்டுக்கொள்வேன்.” சொல்லும்போது சிரித்தார். கண் நிறைந்திருந்தது.

ஹோங் பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக டைப் செய்தார்.

மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டிக்கிடந்த கடிதத்தை வெளியே கொண்டுவந்ததே அதுதான். ஆனால் ஒன்று... அது தரும் வரி உங்களை அழவைத்தால், அழுவதற்கு முன் ஒரு மனுஷரிடம் காட்டிவிடுங்கள்.