எட்டு பாகம் தண்ணீர்

தாம்பரத்தில் காலை 5.40க்கு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். கோவளத்துக்கு டிக்கெட் முப்பது ரூபாய், தூரமும் முப்பது கிலோமீட்டர். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் பையை அதில் வைத்தேன். பைக்குள் மெல்பர்னில் இருக்கும் மகள் எப்போதோ அனுப்பிய கையடக்க ட்ரோன்.

போன மாதம் என் மனைவியின் அஸ்தியைக் கோவளம் கடலில் கரைத்தோம். விசா சிக்கலில் மகளால் வர முடியவில்லை. "அந்த இடத்தை ஒரே ஒரு தடவை காட்டுங்கப்பா" என்று போனில் அழுதாள். அந்த இடத்தை நானே பார்த்ததில்லை என்பதுதான் வெட்கக்கேடு. அன்றைக்குப் படகில் ஏற எனக்குக் கால் எழவில்லை, மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மைத்துனன்தான் போய்வந்தான். "எட்டு பாகத்துல கரைச்சோம் மாமா" என்றான்.

6.00, வண்டலூர் தாண்டியதும், ட்ரோனை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் வரைபடத்தைப் போனில் மறுபடி திறந்தேன். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் புண்ணியத்தில் எங்கள் தெருவே சிவப்பு, மொட்டைமாடியில்கூடப் பறக்கவிடக் கூடாது. கோவளம் பச்சை. ஆனாலும் தளத்திலிருந்து தூரம் என்று நான் நினைத்திருந்தது பஸ் போகும் முப்பது கிலோமீட்டர். வரைபடமோ நேர்க்கோட்டில் இருபதுதான் என்றது. சிவப்பு அதுவரை எட்டுமோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன், பச்சையேதான். பாகம் என்றால் ஆறடி என்றும் போன் சொன்னது. எட்டுக்கு நாற்பத்தெட்டு அடி. கரையிலிருந்து அளந்து ஒரு புள்ளி வைத்தேன்.

7.05, கோவளம். அன்று படகு ஓட்டிய ஏழுமலை அண்ணன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். புள்ளியைக் காட்டினேன்.

"இன்னா சார் நீ! இது கால் நனைக்கிற எடம். பாகம்னா ஆழம் சார், கயிறு வுட்டு அளக்குறது. அம்மாவைக் கரைச்ச எடம் ரெண்டு கிலோமீட்டர் உள்ள கீது."

"இப்ப கூட்டிட்டுப் போவீங்களாண்ணா?"

"இஞ்சினைப் பிரிச்சிப் போட்டுகீறேனே சார்" என்று அதைப் பார்க்கப் போய்விட்டார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடலும் பச்சைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டி ட்ரோனை விடக் கூடாது என்பது சட்டம். என் கண்ணுக்கு நானூறு மீட்டரே ஜாஸ்தி.

7.40, மகளை அழைத்து, ட்ரோன் காட்டுவதை அவள் போனிலும் தெரியும்படி செய்தேன். ட்ரோனை அலைகளைத் தாண்டி அனுப்பி, அது கொசு அளவுக்குச் சிறுத்ததும் நிறுத்தினேன்.

"இதுதானாப்பா?"

"இல்லம்மா, இன்னும் உள்ள போகணும். இதுக்கு மேல விடக் கூடாது."

திரை முழுக்கத் தண்ணீர்.

"சரி, கரைப்பக்கம் திருப்புங்கப்பா."

திருப்பி, கரையை நெருங்கவிட்டேன். படகுகள், மணல், அதில் ஒரு ஆள்.

"வெள்ளைச் சட்டை நீங்களா?"

"ஆமாம்மா."

"பக்கத்துல யாருமே இல்லையேப்பா."

பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. "பேட்டரி தீரப்போகுதும்மா, இறக்கணும்" என்றேன். பேட்டரி அறுபத்தெட்டு சதவீதம் இருந்தது.