பற்றவைத்தவன் பம்பரில் உட்கார வேண்டும்

மாம்பழ மண்டியைக் கடக்கும்போது என் கால்கள் தாமாகவே வேகம் பிடிக்கின்றன. கூடைக்குள் பழுப்பதற்காகப் பொட்டலம் கட்டிப் போட்டிருக்கும் கார்பைடு கல், ஈரம் பட்டுப் பூண்டு அழுகியதுபோல் ஒரு வாடையை விடும். மற்றவர்களுக்கு அது பழத்தின் வாடை. எனக்கு அது இரும்பின் வாடை, நான் சொன்ன ஒரு பொய்யின் வாடை. வீட்டுக்கு வந்து கைகழுவிய பிறகும் அது மூக்கை விட்டுப் போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இருபத்தாறு வயதில், எனக்குப் பிழைப்பு கேஸ் வெல்டிங். செவ்வாப்பேட்டையில் வீடு. கூப்பிட்ட ஊருக்குப் போவேன். தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்பும் கார்பைடு டப்பாவையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் ரயிலின் பிரேக் வண்டியில் போட்டு, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். ஐப்பசி பிறந்திருந்தது. வானம் எந்த நேரமும் எதையோ சொல்ல வாயெடுப்பதுபோல் இருந்தது.

ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில், பனையோலை வேய்ந்த ஒரு லாரி ஷெட். உள்ளே ஒரு ராணுவ லாரி முன்சக்கரங்கள் இல்லாமல் கட்டைகள் மேல் மண்டியிட்டிருந்தது. உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் விட்ட வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. பழவேற்காட்டுப் பாய் ஒருவர் அதை வாங்கி, ஏரிக்கரை மணலில் வெட்டும் சவுக்குக் கட்டைகளை ரயிலடிக்குக் கொண்டுவர விட்டிருந்தார். அந்த மணலில் வேறெந்த வண்டியும் போகாது. அதனால் கட்டைகளின் மேல் தினமும் பத்துப் பன்னிரண்டு மீன்காரப் பெண்கள் கூடைகளோடு ஏறிக்கொள்வார்கள், பட்டணத்து ரயிலைப் பிடிக்க. மணலுக்குள் புதைந்து கிடந்த பனைமூட்டில் இடித்து, முன்சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் வாழைக்காயாக வளைந்துபோக, மூன்று வாரமாக அந்தப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்து நடந்தே வந்துகொண்டிருந்தார்கள்.

ஷெட்டின் மேஸ்திரி பட்டணத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து வேறொரு ராணுவ வண்டியின் முன் ஆக்ஸிலைப் பிடித்து வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒல்லி, எதையும் அளக்காமல் நம்பமாட்டார். ஆக்ஸிலின் தண்டைக் கையால் சுற்றி, சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று சுண்ணாம்புப் பொட்டு வைத்து எண்ணினார். பின் ஆக்ஸிலிலும் அதே கணக்கு வந்த பிறகுதான் பீடி பற்றவைத்தார். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் இழுத்தால் வண்டி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும்.

எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. பட்டை ஸ்பிரிங் உட்காரும் மேடைகள் இரண்டும் நான்கு விரற்கடை தள்ளியிருந்தன. அவற்றை வெட்டியெடுத்து, உள்பக்கமாக நகர்த்திப் பற்றவைக்க வேண்டும். வலதுபக்கம் சிக்கலில்லை, வெறும் எஃகுக் குழாய். இடதுபக்கம் மேடை விழுகிற இடம், பல்சக்கரங்களைப் பொதிந்துகொண்டு ஆக்ஸிலில் பூசணிபோல் உப்பியிருக்கும் வயிற்றின் தோள். அது வார்ப்பு இரும்பு. வார்ப்பு அவசரத்தைப் பொறுக்காது. கரியில் மெள்ளச் சூடேற்றி, பற்றவைத்து, சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள்வரை தானாக ஆறவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும்.

காலையில் பற்றவைத்தேன். நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மேஸ்திரி மேடையின் சாய்வைச் சரிபார்த்தார். அந்தச் சாய்வு தப்பினால் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. சூடு இறங்கும்முன் சாம்பலில் மூடினோம். நாலு மணிக்கு அவர் டீக்கடைக்குப் போனார். அப்போது பார்த்து மழை வந்தது. ஓலை இடுக்கில் ஒழுகிய நீர் சாம்பல் குவியலின்மேல் சொட்டியது. நான் ஓடிப்போய் ஒரு தகரத்தை இழுத்துப் போடுவதற்குள், அடியில் எங்கோ, டிக்.

அவ்வளவுதான். நகம் சொடுக்குகிற அளவு சத்தம். தகரமாக இருக்கலாம், சாம்பலுக்குள் வெடித்த கரித்துண்டாக இருக்கலாம். அன்று மாலை முழுவதும் அது என்னவெல்லாமாக இருக்கலாம் என்று எண்ணி எண்ணி, விரிசலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நம்பினேன்.

மறுநாள் ஆறிய இரும்பைத் துடைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. விரிசலைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடி தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு போடும். பத்து நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. செய்தால் தெரிந்துவிடும்.

"சீமெண்ணெ போட்டுப் பாத்தியா வெல்டரு?" என்று மேஸ்திரி ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டே கேட்டார்.

"பாத்தேன்" என்றேன்.

எல்லாவற்றையும் அளக்கிறவர் இதை மட்டும் அளக்கவில்லை. ஆக்ஸில் ஏறியது, ஸ்பிரிங்கை அதோடு கட்டும் யூ போல்ட்டுகள் இறுகின, சக்கரங்கள் மாட்டப்பட்டன.

அந்தச் சாலையின் ஷெட்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. முன் ஆக்ஸிலில் நெருப்பு பட்டிருந்தால், பற்றவைத்தவன் முதல் ஓட்டத்தில் முன் பம்பரின்மேல் உட்கார்ந்து வர வேண்டும். அவன் ஏறாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டான். எங்கள் டிரைவரும் அப்படித்தான். ஆரம்பாக்கத்துக்காரர், சண்டையில் இதே ஜாதி வண்டி ஓட்டியவர், எல்லோரையும் நைனா என்று கூப்பிடுகிற மனிதர். பாதி லோடு கட்டை ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து மோவாயால் பம்பரைக் காட்டினார்.

ஏறினேன். ஏறாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

ரேடியேட்டரின் சூடு முதுகில் அடித்தது. கால்களை இழுவைக் கொக்கியில் ஊன்றிக்கொண்டேன். நான் பற்றவைத்த இடம் எனக்குப் பின்னால், அடியில், கண் எட்டாத இடத்தில் இருந்தது. அதனால் உடம்பெல்லாம் காதாகிவிட்டது. மணலில் வண்டி மூக்கைக் குத்தும்போதெல்லாம் ஒரு டிக் கேட்டது. அது என் பல்லா, ஸ்பிரிங் பட்டையா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அடுத்த பள்ளம். ஆக்ஸில் முறிந்தால் முதலில் நான்தான் சக்கரத்துக்கு அடியில். அதில் ஒரு கேவலமான ஆறுதல்கூட இருந்தது, பொய்யும் அதோடு போய்விடும் என்று.

ஏரிக்கரை மேட்டில் மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"முன்னாடி புள்ளாரு ஒக்காந்துகினு வராருடி, தேங்கா எங்க?" என்றாள் நாற்பது வயதிருக்கும் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வண்டி நின்றதும் அவள் என் அருகில் வந்தாள். டிரைவரைக் கேட்கவில்லை, மேஸ்திரியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். "நாளைலேர்ந்து நாங்க ஏறிக்கலாமா?"

தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்ததும் மேஸ்திரி சாப்பிடப் போனார். நான் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனேன், கையில் மண்ணெண்ணெய்த் துணியும் சுண்ணாம்பும். தடவினேன், துடைத்தேன், தூவினேன். மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு மேடையின் ஓரத்திலிருந்து வயிற்றுத் தோளை நோக்கி, ஒரு விரல் நீளத்துக்கு, ஈரமாக ஒரு மயிரிழை. துடைத்துவிட்டு மறுபடி தூவினேன். அதே இடம், அதே இழை.

நாலரைக்கு ரயில். இதைத் துடைத்துவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பம்பரில் உட்கார்ந்து வந்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? அப்போது டிரைவரின் பாதங்கள் சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றன. அடியில் தூங்கிவிட்டாயா என்று கேட்டார். துடைக்க உயர்ந்த என் கை, அந்த வெள்ளைக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது.

"ண்ணா, கொஞ்சம் உள்ள வந்து பாரு."

அவர் வந்து படுத்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு.

"இன்னிக்கி வந்ததா, மின்னாடியே இருந்துச்சா?"

மழை பெய்த அன்று சத்தம் கேட்டதைச் சொன்னேன். மேஸ்திரியிடம் பார்த்தேன் என்று சொன்னதும் பொய் என்றேன்.

"தெரிஞ்சிகினேவா ஏறி ஒக்காந்த?"

"ஆமாண்ணா."

"உன் உசுரு உன்து நைனா, நீ இன்னா வோணா பண்ணிக்கோ. நீ ஒக்காந்தத பாத்துட்டுத்தானே அதுங்க அத்தினியும் நாளிக்கி ஏறப்போவுதுங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மேஸ்திரி வந்து கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். நாலாவது நட்டில்தான் வாய் திறந்தார். "கையில வேல இருக்குது. வாய்க்குத்தான் ஒரு வெல்டிங் போடணும்."

இன்னும் மூன்று நாள். வார்ப்பில் இனி ஒரு பொட்டு நெருப்பும் படக்கூடாது என்று முடிவு செய்தோம். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் அதன் நுனியில் ஒரு சிறு துளை போட்டோம். பழைய லாரிச் சட்டத்திலிருந்து கனத்த பட்டையை வெட்டி, வயிற்றைத் தாண்டிக் குழாய்வரை நீளும் பாலம்போல் ஒரு மேடை செய்தோம். பற்றவைப்பெல்லாம் எஃகுக் குழாயில்தான், வார்ப்பை யூ போல்ட்டுகள் வெறுமனே கட்டிப்பிடித்திருக்கும். அந்தப் பக்கம் பட்டையின் கனத்துக்கு உயர்ந்துவிட்டதால், வலதுபக்கமும் அதே கனத்துக்கு ஒரு தகடு. நீளமான யூ போல்ட்டுகளைக் கொல்லர் அடித்துத் தரக் காத்திருந்தோம். அந்த மூன்று நாளும் மழை. பெண்கள் கூடையின்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஷெட்டைக் கடந்து நடந்தார்கள். முதல் நாள் நான் டப்பாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். இரண்டாம் நாள், அன்று தேங்காய் கேட்டவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா புள்ளாரே, எறக்கி வெச்சிட்டாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சேறு கணுக்கால்வரை இருந்தது.

மறுபடி ஓட்டம் பார்க்கும் நாளில் நானே பம்பரின் பக்கம் போனேன். டிரைவர் வேண்டாம் என்றார். இனிமேல் ஆளின் மூஞ்சியைப் பார்த்து வண்டி எடுப்பதில்லை, சுண்ணாம்பைப் பார்த்துத்தான் எடுப்பேன் என்றார். முழு லோடோடு மேட்டை இருமுறை ஏறி இறங்கி வந்து, தானே அடியில் படுத்து, தானே எண்ணெய் தடவித் தூவினார். பற்றவைத்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை. என் பயம் போகவில்லை, வார்ப்பிலிருந்து குழாய்க்கு இடம் மாறியிருந்தது.

மறுநாள் காலை அதே வண்டியில் ஸ்டேஷனுக்கு வந்தேன். மேலே கட்டைகள், கட்டைகளின்மேல் பெண்கள், அவர்களின் பேச்சு கூரைத் தகட்டில் கொட்டிக்கொண்டே வந்தது. நான் கேபினில், முழங்காலைப் பிடித்தபடி. ஒவ்வொரு பள்ளத்திலும் டிரைவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ஸ்டேஷனில் பெண்கள் குதித்து இறங்கி ரயிலை நோக்கி ஓடினார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது?

டிரைவர் சிலிண்டரை இறக்க ஒரு கை கொடுத்தார். பிறகு, நான் திரும்பி வருவதாகச் சொன்னதே இல்லை, இருந்தும் கேட்டார்.

"எப்ப வருவ?"

"ஞாயித்துக்கெழம வரேண்ணா."

"ஞாயித்துக்கெழம வண்டி சும்மா நிக்கும் நைனா. லோடு இருக்கசொல்ல சுண்ணாம்பு போட்டுப் பாக்கணும், சனிக்கெழம வா."