முப்பத்து நாலு மார்க் ஜைனம்பு அக்கா

ஜைனம்பு அக்கா போய்விட்டார்.

இன்று விடியற்காலை. நெஞ்சு வலிக்கிறது என்றதும் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்... ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லை.

ராஜபாளையம் போய் அவரைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பினேன். அங்கே அழுதுவிட்டு, இங்கே சிரித்துக்கொண்டு டைப் செய்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். அக்காவைப் பற்றி வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

தெரியாதவர்களுக்கு... ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் நான் பில்லிங், அக்கா செக்கிங். ஒன்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். மதியச் சாப்பாட்டில் வலது கையில் சோறு, இடது கையில் நாவல். அப்படித்தான் அவரை முதலில் கவனித்தேன்.

வருஷத்துக்கு ஒரு நோட்டு போடுவார். வாசித்த புத்தகத்தின் பெயர், முடித்த தேதி, நூற்றுக்கு எத்தனை மார்க். பாஸ் மார்க் முப்பத்தைந்து.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். நான் இரண்டு தடவை வாசித்து, இரண்டு தடவையும் அழுத ஒரு நாவலுக்கு முப்பத்து நாலு!

"ஒரு மார்க்ல ஃபெயிலாக்கிட்டீங்களேக்கா... பாவமில்லையா?"

"டிசம்பர்ல அரியர் எழுதட்டும்ட்டி."

விளையாட்டில்லை. ஃபெயிலான அத்தனை புத்தகங்களையும் டிசம்பரில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார்!

அன்று சாயங்காலமே நானும் ஒரு நோட்டு வாங்கினேன். யார் அதிகம் வாசிப்பது என்று எங்களுக்குள் போட்டி ஆரம்பித்தது.

இரண்டாவது வருஷம்... டிசம்பர் கடைசி நாள். ஆளுக்கு நாற்பத்தொரு புத்தகம். டை!

அன்றைக்கென்று பார்த்து, செக்‌ஷன் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்து அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம், தண்ணீர் கொட்டுகிறது. எல்லோரும் உள்ளே இறங்கிவிட்டோம். அக்கா மட்டும் பாறையில் குடையை விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்கக்கா, தண்ணி எம்புட்டு வருது பாருங்க!"

"செத்த நேரம் பொறு. இன்னும் பதினாறு பக்கம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார்... நான் துண்டை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன்.

இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் மேல் வீசினேன். ஆமாம், வீசினேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகத்தை மடிக்குள் மறைத்து வாசித்தார். முதுகு முழுக்க நனைந்துவிட்டது. ஒரு பக்கம்கூட நனையவில்லை.

"நாப்பத்திரெண்டு!"

அருவிச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புத்தகத்தை வேன் டிரைவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, சேலையோடு வந்து அருவிக்குள் நின்றார். வந்த வேகத்தில் என் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளினார் பாருங்கள்...

அந்த முப்பத்து நாலு மார்க் கதையும் அங்கேயே முடியவில்லை.

நான் நோட்டு வாங்கிய முதல் வருஷமே, அந்த நாவலை எழுதியவர் எங்கள் ஊர் லைப்ரரிக்குப் பேச வந்தார். மாட்டேன் மாட்டேன் என்ற அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அதுமாதிரிக் கூட்டத்துக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை.

பேசி முடித்துவிட்டு, யாராவது ஏதாவது கேட்கிறீர்களா என்றார் எழுத்தாளர். நான் எழுந்துவிட்டேன். "சார், இந்த அக்கா உங்களை ஃபெயிலாக்கிட்டாங்க!"

அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு... இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. கூட்டம் மொத்தமும் எங்களையே பார்க்கிறது. எழுத்தாளர் முகத்தில் சிரிப்பில்லை.

"எதுக்காகம்மா?" என்றார்.

அக்கா எழுந்தார். குரல் கணீரென்று வந்தது.

"சார், ஒங்க கதையில மில்லு விட்டு வாரவ தலையில மல்லிகப்பூ மணக்குன்னு எழுதியிருக்கீங்க. நான் ஆறு வருசம் மில்லுல கெடந்தவ. ஷிப்ட் முடிஞ்சு வாரவ தலையில பஞ்சுல்லா ஒட்டியிருக்கும்! இமையில, காதுக்குள்ள எல்லாம் பஞ்சு. அவ ஆத்தாகிட்ட சண்ட போடுத எடம் நல்லாருக்கு. அதுக்குத்தான் முப்பத்து நாலு. இல்லன்னா இருவதுதான்."

வம்பாகிவிட்டதே என்று அக்காவின் சேலையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தேன்.

எழுத்தாளர் பேனாவை எடுத்துக் கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "மறுகூட்டலுக்கு ஏதும் வழி இருக்காம்மா?"

"இல்ல சார். அரியர்தான்."

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது! பஸ் ஏறும்வரை அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கீழே நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்கிறார்... "ஏட்டி, நான் நல்லாப் பேசுனேனா?"

அந்த வருஷ டிசம்பரில் அந்த நாவலை மறுபடி வாசித்தார். நாற்பத்தொன்பது மார்க். "அப்போ வீட்டுல சண்ட போட்டுட்டு வந்து வாசிச்சிருக்கேம்ட்டி, என் தப்புதான்" என்று ஒத்துக்கொண்டார்.

இன்று வீட்டில் அக்காவின் கணவர் இந்த வருஷ நோட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

போன வாரம் போனில் கேட்டபோது பத்தொன்பது என்றுதான் என்னிடம் சொன்னார் அக்கா. நான் இருபத்திரண்டு. முந்திவிட்டேன் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் இருபத்தேழு!

"ஒங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டாம்மா," என்றார் அவர். "தெரிஞ்சா நீ வேகமா வாசிச்சிருவியாம்."

அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் இருவராலும் முடியவில்லை...

அக்கா, நேற்றுச் சாயங்காலம் உங்களுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

எங்கள் ஊர் லைப்ரரிக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறது. பெரிய கட்டு. வியாழக்கிழமை பிரிக்கிறார்களாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

போயிட்டு வாங்கக்கா.