பிஸ்கட் டின்னில் போட்ட துண்டு

ஒரு தாதி என்னை நம்பிச் சொன்ன விருப்பத்தை நான் மாற்றி எழுதினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை.

போன வாரம் பிரஷர் பார்க்கப் போனேன். இளம் தாதி ஒருத்தி என் கையில் பட்டியைச் சுற்றிவிட்டு போனை ஒரு தட்டுத் தட்டினாள். "நாளை டியூட்டிய மாத்திக்கிட்டேன் ஐயா" என்று சிரித்தாள். ஒரே தட்டு! ஸ்டென்சில் திருத்தும் சிவப்பு மையின் வாசம் எனக்கு மூக்கில் ஏறியது. பிரஷரும் ஏறியிருக்க வேண்டும். "என்னங்கய்யா, ஓடி வந்தீங்களா?" என்றாள்.

அந்தக் காலத்தில் இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். தாதியரின் டியூட்டி அட்டவணையை ஸ்டென்சில் தாளில் டைப் அடிப்பது என் வேலை. ஓர் எழுத்துப் பிழையானால் சிவப்பு மை தடவி, காயும்வரை ஊத வேண்டும். நான் ஊதிய ஊதலுக்குப் புல்லாங்குழல் கற்றிருக்கலாம்.

ஒருநாள் தாதியருக்குத் தலைவியான மேட்ரன் நோனா, டியூட்டி ஆறு மணித்தியாலமா பன்னிரண்டா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று தாதியரிடம் சொல்லி, என் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தார். ஆளுக்கொரு துண்டுத்தாள், விருப்பத்தை எழுதி அதில் போட வேண்டும். தொலைவில் வில்கமுவவிலிருந்து வரும் குசுமா மிஸ்ஸுக்குப் பன்னிரண்டு வேண்டும். வாரத்தில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கும் நாட்கள் குறையும். ஸ்டெல்லா மிஸ் டவுனிலேயே குடியிருந்தாள். அன்று அவளுக்கு லீவு. ஆஸ்பத்திரி போனில் என்னைக் கூப்பிட்டாள். முஸ்லிமான என்னை எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் அழைப்பார்கள்.

"நானா, எனக்கு ஆறுன்னு எழுதிப் போட்டுடுங்க. கைப்புள்ள இருக்கு, பால் குடுக்கணும்."

"சரி மிஸ்" என்றேன். பன்னிரண்டு என்று எழுதிப் போட்டேன். ஆறு மணித்தியாலம் என்றால் அட்டவணையில் இரண்டு மடங்கு வரிகள் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். அந்த ஒரு துண்டால் முடிவு மாறாது என்றும் நினைத்தேன். எண்ணினார்கள்: பன்னிரண்டுக்கு ஐந்து, ஆறுக்கு நான்கு.

அதன்பின் தினமும் மத்தியானம் ஸ்டெல்லாவின் நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கேட்டால் வருவாள். துணி அடுக்கும் அறையில் ஸ்டெல்லா பால் கொடுப்பாள். வார்டே பிள்ளையைக் கொஞ்சும். மேட்ரன் நோனா மட்டும் எதையும் காணாதவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார். பிள்ளை சிரித்தால் அவரும் சுவரைப் பார்த்தே சிரிப்பார். நானும் இதில் குளிர்காய்ந்தேன். எல்லாம் நன்றாகத்தானே நடக்கிறது?

ஒருநாள் ஸ்டெல்லா என் மேசைக்கு வந்தாள். "பால் வத்திப் போச்சு நானா. பால்மா கரைச்சுக் குடுக்கச் சொல்லிட்டாங்க. யாரைக் குத்தம் சொல்றது? நீங்களாவது எனக்காக ஆறுன்னு போட்டீங்க."

அன்று பிற்பகல் அஸர் தொழுகையில் மனம் நிற்கவில்லை. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்குமுன் அவளிடமல்லவா கேட்க வேண்டும்? பன்னிரண்டு என்று எழுதிப் போட்டதை மறுநாள் அவளிடம் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "டைப் அடிக்கப் பஞ்சியா நானா?"

"ஆமா மிஸ், சோம்பல்தான்."

மேட்ரன் நோனாவிடமும் சொன்னேன். ஆறுக்குத் திரும்பினால் குசுமா அழுவாள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆகவே ஒரு யோசனை சொன்னேன், கேட்டவருக்குக் கேட்ட டியூட்டி: ஆறு செய்யும் இருவர் சேர்ந்தால் ஒரு பன்னிரண்டு நிரம்பும். "போடலாம்தான். ஆனா யார் அடிக்கிறது?" என்றார் மேட்ரன். நானே என்றேன்.

அந்த அட்டவணை சிக்கலில் ரயில்வே நேரசூசிப் பட்டியலைத் தோற்கடித்தது. மாதத்துக்கு ஒரு போத்தல் சிவப்பு மை. குசுமாவுக்குப் பஸ் நாட்கள் குறைவு, ஸ்டெல்லாவுக்கு ஒரு மணிக்கு வீடு. பால் மட்டும் திரும்பவில்லை.

"மன்னிச்சிட்டேன், விடுங்க" என்றாள் ஸ்டெல்லா. நத்தார் பண்டிகைக்குக் கிறிஸ்மஸ் கேக் கொண்டுவருவாள், என் வழுக்கையைக் கேலி செய்வாள். ஆனால் அந்த "எழுதிப் போட்டுடுங்க நானா" அன்றோடு போயிற்று. லீவோ டியூட்டி மாற்றமோ, மற்றவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் தானே எழுதி, மடித்து, என் மேசையைக் கடந்து நேரே மேட்ரன் அறைக்குக் கொண்டுபோவாள். போகிற போக்கில், "சாப்டீங்களா நானா?" என்று கேட்க ஒருநாளும் தவறியதில்லை.