பொதுமக்கள் பிரிவு

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தபோது ஒருநாள் சொல்தா ஒருவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எண்பது வயது, குச்சிக் கால்கள், பளிச்சென்ற ஓட்டப்பந்தய ஷூ. கழுத்தில் ஏழெட்டுப் பதக்கங்கள் தொங்கின. பேச்சுக்கு நடுவே ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் தேய்த்துக்கொள்வார்.

"'சர்வதேச மூத்தோர் விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற மாவீரரே வருக'ன்னு போடு தம்பி."

"கொடி எது சார் போடறது? இந்தியாவா, பிரான்சா?"

"ரெண்டும் போடு. பென்ஷன் அங்க, பேனர் இங்க."

"போட்டி எப்ப சார் முடிஞ்சுது?"

"அடுத்த வாரந்தான் ஆரம்பம்."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"எண்பது வயசுக்கு மேல நான் ஒருத்தன்தான் பேர் குடுத்திருக்கேன். ஓட்டம், ஈட்டி, நீளந்தாண்டுறது, மூணுலயும். விழாம முடிச்சாப் போதும்."

முகத்தில் கூச்சம் துளியும் இல்லை. ஒலிம்பிக்கில் பதக்கங்களை வாரிக் குவித்தவர்கள்கூடப் போட்டிக்கு முன்பு இவரளவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

"சரி, வரவேற்கிறவங்க பேரு என்னான்னு போட?"

பதக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொதுமக்கள்னு போட்டுடு."

அவர் ஊர் திரும்பிய அன்று, கடையைச் சாத்திவிட்டுப் போய் அந்தப் பேனருக்கு அடியில் நின்றேன். பொதுமக்கள் பிரிவில் பேர் கொடுத்திருந்தது நான் ஒருவன்தான்.