போஞ்சிப் பாத்தியில் தொங்கிய இறுவட்டு

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் அதிபராக இருந்தேன். மருந்துச் சீட்டோ உரப்பையோ, ஆங்கில எழுத்து உள்ள எதுவானாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து என் விடுதிக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதோடு முடிந்தது. இன்னொருவரிடம் யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அந்த மரியாதை பழகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா தன் தம்பியோடு வந்தார். அவருடைய மகள் நான்கு வருடங்களாக வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். எசமானர் வீட்டில் கழித்துவிட்ட வீடியோ பிளேயரையும் ஓர் இறுவட்டையும் அனுப்பியிருந்தாள். அந்த வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளைப் படம் பிடித்துப் பதிந்த இறுவட்டு அது.

"கேக் வெட்டுறப்ப பின்னாடி நிக்கிறாளாம் சேர். போன்ல சொன்னா. மூஞ்சியப் பாத்து நாலு வருசமாச்சு," என்றார் அம்மா. பிளேயரை டிவியில் மாட்ட அவர்களிடம் வயர் இல்லை. என்னிடம் இருந்தது.

நான் வயரை எடுக்கவில்லை. இறுவட்டின் மேல் 'எச்.டி. டிவிடி' என்று இருந்தது. துல்லியமான படத்துக்கென வந்த இரண்டு வகை இறுவட்டுகள் போட்டிபோட்டு, புளூ-ரே வென்றதையும் இது கைவிடப்பட்டதையும் அப்போதுதான் ஆங்கிலப் பத்திரிகையில் வாசித்திருந்தேன். வாசித்ததைச் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

"இது ஓடாது அம்மா. ரெண்டு பகுதி கொம்பனிக்காரர் சண்டை பிடிச்சவை. இந்தச் சீடிக்காரர் தோத்துப் போயிட்டினம். இனி இதை ஒரு மெசினும் எடுக்காது."

"நம்ம புள்ள எப்பவும் தோக்குற கட்சிதான் அக்கா," என்று தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "ஒரு தடவ போட்டுப் பாக்க ஏலாதா சேர்?"

"போட்டால் மெசின்தான் பழுதாகும்."

அது நான் அந்த நிமிடத்தில் உண்டாக்கிய பொய்.

"அப்ப இந்தப் பெட்டி எங்களுக்கு எதுக்கு? சேரே வச்சுக்கங்க," என்றார். இறுவட்டை மட்டும் கையோடு கொண்டுபோனார். பெட்டியை நான் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அதில் சாதாரண டிவிடி போட்டுப் படம் பார்த்தேன்.

எட்டு மாதம் கழித்து மகள் சவப்பெட்டியில் வந்தாள். மாடியிலிருந்து விழுந்ததாகக் காகிதத்தில் இருந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்றும் இருந்தது. இரண்டையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். பாஸ்போட்டுக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெட்டியின் மேல் வைத்து, அதன் மீது குனிந்து அழுதார் அம்மா. அதில் முகம் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பிளேயரைத் துடைத்தேன். கண்ணாடி போட்டிருந்தேன். முகப்பின் கீழ்மூலையில், தூசிக்கு அடியில், இரண்டு சின்னங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று புளூ-ரே. மற்றது எச்.டி. டிவிடி. இரண்டு வகையும் ஓடுமாறு செய்த பெட்டி அது. எட்டு மாதமாக என் மேசையில் இருந்தது.

லயத்துக்குப் போனேன். அம்மா மலையில் வேலையில் இருந்தார். ஓடாதென்று நான் சொன்ன இறுவட்டை, அவர்கள் வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தியில், குருவி விரட்ட அவருடைய தம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார். இரண்டு பருவ மழையிலும் வெயிலிலும் ஓரமெல்லாம் வெள்ளி உரிந்திருந்தது. அவிழ்த்துக் கொண்டுவந்து, கழுவித் துடைத்துப் போட்டேன். பிளேயர் வெகுநேரம் முனகியது. பிறகு வாசிக்க முடியவில்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. நாலைந்து முறை போட்டேன். அதே எழுத்துத்தான்.

மறுநாள் அம்மா வந்தார். "சேர், அந்தச் சீடிய நீங்க கழட்டிட்டுப் போனதா பக்கத்து வீட்டுல சொன்னாங்க. தேவையா இருந்துச்சா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் இறந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

"சும்மா பாக்கத்தான் எடுத்தனான்," என்று என்னிடமிருந்த ஒரு பழைய சினிமா டிவிடியைக் கொடுத்தேன். "இதைக் கட்டுங்கோ."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இது நல்லா மின்னுது சேர்," என்றார். மகளுடைய இறுவட்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை. ஓடாத ஒன்றை ஏன் கேட்கப் போகிறார்?

இரண்டு நாள் கழித்து ஒரு பை நிறையப் போஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். அந்த வாரம் முழுவதும் அதைத்தான் சமைத்துச் சாப்பிட்டேன்.